தே தாரிக் கடைக்காரர் பிழிந்த முறுக்கு

போன மாதம் ஜொகூர் பாருவில் ஒரு பேரங்காடிச் சாப்பாட்டுக் கடையில் என் மகளின் மடியில் சூப்பைக் கவிழ்த்துவிட்டார்கள். நல்லவேளை, சூப் பாதி ஆறிப்போயிருந்தது. ஆனால் அவள் வேலை நேர்காணலுக்குப் போகிற வழியில் சாப்பிட உட்கார்ந்தவள். பாவாடை முழுக்க மஞ்சள் கறை. மேலாளர் ஓடி வந்தார், குனிந்து மன்னிப்புக் கேட்டார், ஒரு அட்டையை நீட்டினார். அடுத்த தடவை வந்தால் ஐஸ்கிரீம் இலவசமாம்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். "தம்பி, இவளுக்கு இப்போ வேண்டியது ஒரு பாவாடை. ஐஸ்கிரீம வச்சு இவ என்னா செய்வா?" என்று கேட்டேன். அவர் அதே சிரிப்போடு அட்டையை இன்னும் கொஞ்சம் முன்னே நீட்டினார். நாங்களே பக்கத்துக் கடையில் ஒரு பாவாடை வாங்கி, கழிப்பறையில் மாற்றிக்கொண்டு ஓடினோம். காரில் மகள், "எல்லாரும் நம்ம மாசாய் அண்ணன் மாதிரி இருப்பாங்களாம்மா?" என்றாள். அதற்கு மேல் அந்த மேலாளரை நான் திட்டவில்லை. பாவம், அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

எங்கள் ஊர் மாசாயில் இருக்கும் அந்த அண்ணனைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் என் முறுக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடக்கமெல்லாம் எனக்கு வராது. தீபாவளிக்கு நான் சுடும் முறுக்கு வாயில் போட்டால் மொறுமொறுவென்று உடைந்து அப்படியே கரையும். பல்லில் ஒட்டாது, கையில் எண்ணெய் பிசுக்காது. என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் வேலை செய்கிறார். விடிவதற்கு முன் மோட்டார்சைக்கிளில் பாலம் தாண்டிப் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். அவருடைய சம்பளம் வீட்டை நடத்துகிறது. என் முறுக்கு என்னைத் தலைநிமிர்ந்து நடக்க வைக்கிறது.

எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. என்னிடம் முறுக்கு வாங்குகிற வீட்டார், தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே தங்கள் வீட்டுப் பிஸ்கட் டின்னைக் கழுவித் துடைத்து என்னிடம் கொடுத்துவிடுவார்கள். நான் நிரப்பிக் கொண்டுபோய்க் கொடுப்பேன். டின்னை ஒருவர் கையில் கொடுத்தால் அந்த வருஷம் வேறு எங்கும் முறுக்கு வாங்கமாட்டார்கள். டின் காலியாகத் திரும்பிப் போனால் அந்த வீடு அதோடு முடிந்தது. அடுத்த வருஷம் அந்த டின் வேறொருத்தி வீட்டுக்குப் போகும். நான் சொல்லப்போகும் அந்தத் தீபாவளி வரைக்கும் அப்படி ஒரு வீட்டைக்கூட நான் விட்டதில்லை. கூடத்தில் சோபாவுக்குப் பின்னால் டின்கள் கூரையைத் தொடுகிற மாதிரி அடுக்கியிருக்கும். அதைப் பார்க்கும்போதே எனக்கு நெஞ்சு நிமிரும்.

சில வருஷங்களுக்கு முன், அப்படி டின்கள் அடுக்கியிருந்த சமயம்தான் அது நடந்தது. மாவு மில்லில் அரிசி மாவை அரைத்துக்கொண்டு வருகிற வழியில், எங்கள் வரிசைக் கடைகளின் மூலையில் இருக்கும் மாமாக் கடையில் தே தாரிக் புங்குஸ், அதாவது பையில் கட்டிக் கொடுக்கும் இழுத்த தேத்தண்ணி, வாங்கிக்கொண்டு போகலாம் என்று நின்றேன். அந்தக் கடைக்கார அண்ணன் இராமநாதபுரம் பக்கத்து வம்சாவளி முஸ்லிம். அவர் இழுக்கிற தேத்தண்ணி மாசாய் முழுக்கப் பிரசித்தம். தலைக்கு மேலே ஒரு குவளை, இடுப்புக்குக் கீழே ஒரு குவளை, நடுவில் தேத்தண்ணி கயிறு மாதிரி நிற்கும். சனி, ஞாயிறுகளில் சிங்கப்பூர்க்காரர்கள் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு அதைப் படம் எடுக்க வருவார்கள்.

அன்றைக்கும் ஒருவர் எடுத்துக்கொண்டிருந்தார். "இன்னும் மேல, பாஸ், இன்னும் மேல" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அண்ணனுக்கும் புகழ்ச்சி பிடிக்கும். முகம் கேமராவைப் பார்த்துத் திரும்பியது, கை ஏறியது. நான் என் புங்குஸுக்காக வலது கையை மேசைமேல் வைத்துக்கொண்டு நின்றேன். கொதிக்கிற தேத்தண்ணி குவளையை விட்டு விலகி என் மணிக்கட்டிலிருந்து விரல் வரைக்கும் கொட்டியது.

அலமாக் என்று அண்ணன் கத்தியது என் அலறலுக்குள் கேட்கவே இல்லை. யாரோ பற்பசை எடுத்து வர ஓடினார்கள். கல்லாவில் இருந்த அண்ணனின் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், ஒரே எட்டில் வந்து என் கையைப் பிடித்துக் குழாய்க்கடியில் வைத்தார். "பசையும் வேணாம் ஒண்ணும் வேணாம், தண்ணி ஓடட்டும்" என்று எல்லாரையும் விரட்டினார். நான் வலி தாங்காமல் அவரைத் திட்டினேன். அவர் கையை விடவில்லை. அண்ணன் அடுப்பை அணைத்துவிட்டு வேனை எடுத்தார். கிளினிக் டாக்டர் கொப்புளங்களைப் பார்த்து, மருந்து வைத்துக் கட்டிவிட்டு, தீபாவளி முடியும்வரை இந்தக் கை ஈரமும் படக்கூடாது, அடுப்புப் பக்கமும் போகக்கூடாது என்றார்.

வீட்டுக்கு வந்து கூடத்தில் டின்களைப் பார்த்ததும்தான் அழுகை வந்தது. கை எரிந்ததைவிட வயிறு எரிந்தது. மகள் அப்போது கோலாலம்பூரில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் பாதிப் பேர் தொழிற்சாலையில், மீதிப் பேர் தங்கள் வீட்டுப் பலகார வேலையில். வீட்டுக்காரரை நம்பி அச்சைக் கொடுத்தால் அச்சு மிஞ்சாது. டின்களைக் காலியாகத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான் என்று நினைக்க நினைக்க எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மறுநாள் அண்ணன் வந்தார். கிளினிக் செலவை அங்கேயே கொடுத்துவிட்டார், அதைப் பற்றிப் பேச்சில்லை. கையில் தாப்பாவ் பொட்டலங்கள்: ரொட்டி, பருப்புக் கறி, தே. "தங்கச்சி, இனிமே நீங்க எங்க கடையில எப்ப வந்தாலும் காசு கொடுக்கக்கூடாது. ஆயுசுக்கும்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது.

"என்னா அண்ணே, என் கைக்கு ரொட்டியா பதிலு? நான் சோத்துக்கு இல்லாம உக்காந்திருக்கேன்னா சொன்னேன்?"

அவர் கூடத்து டின்களைப் பார்த்தார். அது என்ன என்று கேட்டார். சொன்னேன். தாடியைத் தடவிவிட்டு, "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் முறுக்கு பேக்டரி வச்சிருக்காரு. நல்ல சரக்குதான். வாங்கி இதுல நிரப்பிடலாமா?" என்றார்.

அவ்வளவுதான். நான் பேசியதையெல்லாம் இங்கே எழுத முடியாது. என் டின்னில், என்னை நம்பிக் கொடுத்த டின்னில், எவனோ மெஷினில் சுட்ட முறுக்கா? "அண்ணே, எனக்கு வேண்டியது கை. கை இருந்தா கொண்டாங்க, இல்லன்னா போயிட்டு வாங்க லா" என்றேன். அவர் பொட்டலங்களை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த நாள் மத்தியானம், கடையில் சோற்றுக் கூட்டம் அடங்குகிற நேரம், வாசலில் வேன் நின்றது. அண்ணன், அக்கா இரண்டு பேரும் இறங்கினார்கள். குளித்து, துவைத்த துணி உடுத்தி, அக்கா தலையில் முக்காடு இறுக்கிக் கட்டி. வாசற்படியிலேயே நின்றுகொண்டு அக்கா சொன்னார்: "காலையிலேர்ந்து ரெண்டு பேரும் கடையில மீனு, கோழி எதையும் தொடல. குளிச்சிட்டுத்தான் வர்றோம். சாமிக்கு வைக்கிற பலகாரம்ல. உள்ள வரலாமா?"

நான் அப்படி ஒன்றும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவுமில்லை. இடது கையால் கதவை அகலத் திறந்துவிட்டு நகர்ந்து நின்றேன். நேற்று கேட்ட கையைத்தான் கொண்டு வந்திருக்கிறார்கள்.

வந்தார்களே தவிர, முறுக்கைப் பற்றி இரண்டு பேருக்கும் ஒரு இழவும் தெரியாது. நான் உள்ளே போய் மருந்து போட்டுக்கொண்டு வருவதற்குள் அக்கா ஒரு காரியம் செய்துவிட்டார். கடைப் பழக்கம். ரொட்டி மாவை மொத்தமாகப் பிசைந்து, எண்ணெய் தடவி, ஈரத் துணி போட்டு ஊற வைத்தால்தானே ரொட்டி மெத்தென்று வரும்? அதே மாதிரி, எனக்கு வேலை மிச்சமாகட்டும் என்று, பக்கத்தில் கிண்ணத்தில் இருந்த தேங்காய்ப்பாலையும் வெண்ணெயையும் சேர்த்து என் மாவு மொத்தத்தையும் ஒரே அண்டாவில் பிசைந்து, துணியும் போட்டு மூடிவிட்டார். முறுக்கு மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிசைந்து உடனே பிழிய வேண்டும். ஊறிய மாவு எண்ணெயைக் குடிக்கும், சிவந்து போகும், கல் மாதிரி ஆகும். ஒருவேளை தப்புமோ என்று பிழிந்து பார்த்த முதல் ஈடு எண்ணெயில் விழுந்ததுமே செங்கல் நிறத்தில் வந்தது.

"அக்கா, இது என்னா ரொட்டியா ஊற வைக்கிறதுக்கு?" என்று கேட்டேன். குரல் தெருவரைக்கும் போயிருக்கும். அக்கா அந்தச் செங்கலை ஒரு கடி கடித்துப் பார்த்தார். பல்லைப் பிடித்துக்கொண்டார். "பாவி, கெடுத்துட்டேனே" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அண்ணன் மாவை அண்டாவோடு தூக்கி வேனில் வைத்தார்.

மன்னிப்பு என்று சொல்வதற்குப் பதிலாக அவர் செய்தது இதுதான். அரிசி வாங்கினார். எங்கள் வீட்டிலேயே வைத்துக் கழுவினார். மழைக்காலம், வெயில் தலைகாட்டவில்லை. கடையிலிருந்து நின்று சுழலும் பெரிய ஃபேன்களைக் கொண்டுவந்து, அவற்றையும் துடைத்து, என் கூடத்தில் வெள்ளை வேட்டி விரித்து அரிசியைக் காயவைத்தார். காய்ந்ததும் மில்லில் அரைத்துக்கொண்டு வந்து, அடுப்புப் பக்கம் என்னை விடாமல் வாசல் நாற்காலியில் உட்காரவைத்து, "இப்போ சொல்லுங்க, எது எவ்வளவு, எப்போ?" என்று கேட்டார். உளுத்தம் மாவு, எள், உப்பு எல்லாம் நான் சொன்னபடி. மாவுப் பதத்தை மட்டும் நான் என் இடது கையால் தொட்டுப் பார்த்துத்தான் விட்டேன். அதை யாருக்கும் கொடுக்கமாட்டேன்.

அச்சு அண்ணன் கைக்குப் போனது. கேளுங்கள் கூத்தை. அந்தக் கைக்கு உயரத்திலிருந்து ஊற்றித்தானே பழக்கம்? அச்சைத் தோள்வரைக்கும் தூக்கிப் பிடித்துக்கொண்டு பிழிகிறார். மாவு கயிறாக இறங்கி, பாதியில் அறுந்து, தட்டில் கோழி கிளறின மாதிரி விழுகிறது.

"அண்ணே, இங்க யாரும் படம் எடுக்கல. கீழ எறக்குங்க" என்றேன்.

அக்கா முக்காட்டை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். அண்ணனும் சிரித்துவிட்டார். அந்தக் கை இறங்குவதற்குப் பெரும் பாடு பட்டது. இறக்குவார், பேச்சு வாக்கில் தானாக ஏறும், நான் அதட்டுவேன், மறுபடி இறங்கும். ஆனால் இறங்கிய பிறகு, உள்ளதைச் சொல்கிறேன், அந்த மணிக்கட்டுச் சுழற்சி எனக்கே பொறாமையாக இருந்தது. வட்டம் வட்டமாக, இடைவெளி பிசகாமல் விழுந்தது. என் சுற்று கொஞ்சம் நெருக்கம், அவருடையது கொஞ்சம் விரிவு. அக்காவுக்கோ எண்ணெய்ச் சூடு சொல்லித்தரவே வேண்டியதில்லை. சலசலப்பு அடங்குவதைக் காதால் கேட்டே எடுத்துவிடுவார். கூடத்தில் டின்கள் ஒவ்வொன்றாகக் கனக்க ஆரம்பித்தன.

தினமும் மத்தியானம் வந்தார்கள். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து பள்ளிவாசலிலிருந்து நேரே வந்தார் அண்ணன். சனிக்கிழமை சிங்கப்பூர்க்காரர்கள் கடையில் அவரைத் தேடினார்கள் என்று கேள்வி. "அவங்களுக்குத் தே யாரு இழுத்தாலும் இனிக்கும்" என்று சொல்லிவிட்டு அச்சில் மாவை அடைத்தார். கடை இருக்கிறதே, வியாபாரம் இருக்கிறதே என்று நான் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். "உங்க வியாபாரத்த நிறுத்துனது நான்தானே தங்கச்சி. அது ஓடினப்புறம் என்னுத பாத்துக்கறேன்" என்றார். அன்றைக்கு அவர் முதுகுக்குப் பின்னால் நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். எண்ணெய்ப் புகை என்று அக்காவிடம் சொன்னேன்.

எல்லா டின்னும் நிறைந்தது. கட்டுப்போட்ட கையோடு நான் கார் ஓட்ட முடியாது, அதனால் வீடு வீடாகக் கொடுக்கவும் அண்ணனே வேனை எடுத்தார். யார் பிழிந்தது என்று வாயைத் திறக்கவே கூடாது என்பது என் எண்ணம். ருசி என்னுடையது, பதம் என்னுடையது. சுற்று கொஞ்சம் விரிந்திருப்பதை யார் கவனிக்கப் போகிறார்கள்?

முதல் வீட்டிலேயே கவனித்துவிட்டார்கள். மாசாயிலேயே இருக்கும் ஓய்வுபெற்ற ஒரு டீச்சர். மூடியைத் திறந்து ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "சுத்து உங்களுது மாதிரி இல்லையே" என்றார். நான் கட்டுப்போட்ட கையைச் சேலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன். அதற்குள் கேட்டுக்கு வெளியே நின்ற அண்ணன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தார்.

"நான் பிழிஞ்சதும்மா. மூலைத் தே கடை என்னுது. விளையாட்டுக் காட்டப் போயி இவங்க கையில சுடு தேய ஊத்திட்டேன். வடிவம் சரியில்லன்னா தப்பு என்னுது. பக்குவம் எல்லாம் அவங்க சொன்னதுதான்."

டீச்சர் அவரை மேலும் கீழும் பார்த்தார். முறுக்கைக் கடித்தார். "பக்குவம் அவங்களுதுதான்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "கை எப்படியிருக்கு?" என்று கேட்டார். அவ்வளவுதான். அதன்பின் ஒவ்வொரு வாசலிலும் அண்ணன் இறங்கி, யாரும் கேட்பதற்கு முன்பே, தன் தப்பைத் தானே சொன்னார். ஊரே அவர் தேத்தண்ணியைப் புகழ்கிற ஊர் இது. அங்கே வீடு வீடாகப் போய், நான் ஊற்றினேன், நான் பிழிந்தேன் என்று சொல்வதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும்? எனக்கு அவர் பக்கத்தில் நிற்பதே பெருமையாக இருந்தது.

தெப்ராவ் பக்கம் ஒரு வீடு. பல வருஷமாக என்னிடம் வாங்குகிறவர்கள், பெரிய டின். அண்ணன் சொல்லி முடித்ததும் அந்த வீட்டம்மா டின்னை வாங்காமல் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்தி, "சாமிக்குப் படைக்கிறதாச்சே. அவங்க கை பட்டது... வேற யாராவது பிழிஞ்சது இருக்கா?" என்றார். குரல் தாழ்ந்தாலும் அண்ணன் காதில் விழுகிற தூரம்தான். அவர் வேன் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

ஒரு டின்கூடக் காலியாகத் திரும்பக்கூடாது என்றுதானே இத்தனை பாடும்? அது எனக்கு மறக்கவில்லை. "இருக்கு" என்று ஒரு பொய் போதும். வேனில் இருக்கும் இன்னொரு வீட்டு முறுக்கை இந்த டின்னில் மாற்றிப் போட்டுக் கொடுத்திருக்கலாம். வாய் வரவில்லை.

"அம்மா, அவரு தெனமும் குளிச்சிட்டு, மீனு கறி தொடாம வந்து பிழிஞ்சாரு. என் வீட்டுல நானே அவ்வளவு சுத்தபத்தமா இருந்ததில்ல. எங்க வீட்டுச் சாமிக்கு இதத்தான் படைக்கப் போறேன். ஒங்களுக்கு வேணாம்னா ஒரு பை கொடுங்க."

அவர் தயங்கினார். பிறகு உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தார். நான் கேட்டிலேயே நின்று இடது கையால் முறுக்கையெல்லாம் பைக்கு மாற்றினேன். டின்னின் உட்புறத்தை முந்தானையால் துடைத்து, மூடி போட்டு, அவர் கையில் கொடுத்தேன். நல்ல தீபாவளி வாழ்த்துகள் என்றும் சொன்னேன்.

வேனில் அண்ணன் சாவியைத் திருகாமல் உட்கார்ந்திருந்தார். "நான் வாயத் தொறந்திருக்கக் கூடாது. என்னால ஒரு வீடு போயிருச்சே தங்கச்சி."

"ஒங்களால போகல அண்ணே. நான்தான் விட்டேன். வண்டிய எடுங்க."

அடுத்த வீட்டு வாசலில் அவர் இறங்கவில்லை. டின்னை மட்டும் எடுத்து நீட்டிவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி குனிந்து உட்கார்ந்திருந்தார். நான் அவர் பக்கத்துக் கதவைத் திறந்து, இறங்குங்கள் என்றேன். இறங்கினார். வீட்டுக்காரர் கேட்டைத் திறப்பதற்குள், கட்டுப்போட்ட கையை வெளியே எடுத்து அண்ணனைக் காட்டி நானே முதலில் சொன்னேன்: "இந்த வருஷம் முறுக்கு பிழிஞ்சது இந்த அண்ணன்."